வெட்டுவதற்கு முன் மரம் எங்கே விழும் என்று பாருங்கள்: வீட்டு மின்ரம்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஓர் அலமாரியோ பலகைப் படுக்கையோ செய்யலாம் என்று முதன்முதலாக மின்ரம்பம் வாங்குகிறவர், சுழலும் பற்களில் விரல் பட்டுவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் விரல் பிளேடில் படுவதற்கு முந்தைய கணத்தில் பெரும்பாலும் வேறொன்று நடந்திருக்கும்: தாங்கல் இல்லாத மரம் சாய்ந்திருக்கும், கையால் மட்டும் பிடித்திருந்த துண்டு சுழன்றிருக்கும், அல்லது வெட்டிய இடைவெளி மூடிக்கொண்டு பிளேடை இறுக்கியிருக்கும். ஆகவே கை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் முன்னதாக, வெட்டு முடியும்போது மரத்தின் இரண்டு பகுதிகளும் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். விடை தெரியாதவரை சுவிட்சை அழுத்தக் கூடாது.

இந்த வழிகாட்டி, வட்டப் பிளேடைக் கையால் மரத்தின்மேல் நகர்த்தும் சர்க்குலர் ரம்பம், மெல்லிய பிளேடு மேலும் கீழும் அசைந்து வளைவுகளை வெட்டும் ஜிக்சா, நிலையாக வைத்த மரத்தின்மேல் பிளேடைக் கீழே இறக்கி வெட்டும் மைட்டர் ரம்பம், மேசைக்கு மேல் நீண்டிருக்கும் பிளேடை நோக்கி மரத்தைத் தள்ளும் டேபிள் ரம்பம் ஆகிய நான்கையும் பற்றியது. வீடுகளில் அதிகம் புழங்குவதும் மற்றவற்றுக்கு அடிப்படையாக இருப்பதும் சர்க்குலர் ரம்பமே என்பதால் அதற்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது. மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் முற்றிலும் தனியான பயிற்சி தேவைப்படும் கருவி. அதை இங்கே சேர்க்கவில்லை.

ரம்பம் ஏன் பின்னால் உதைக்கிறது

வழக்கமான 184 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்றுகள் சுழலும்போது, அதன் விளிம்பில் உள்ள பல் நொடிக்கு 48 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 170 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. ஏதோ தவறாகிறது என்று கண் உணர்ந்து கை விலகுவதற்கு ஐந்தில் ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் ஒரு பல் ஒன்பது மீட்டருக்கு மேல் பயணம் செய்துவிடும். வேகமாகக் கையை எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கருவியிடம் இடமில்லை.

கையால் பிடிக்கும் சர்க்குலர் ரம்பத்தில், பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலாக வெட்டுகின்றன. பிளேடு வெட்டிச் சென்ற இடைவெளியான வெட்டுத்தடம் திறந்திருக்கும்வரை பிளேடின் பக்கங்கள் மரத்தில் உரசுவதில்லை. இரண்டு முனைகளில் மட்டும் தாங்கி வைத்த பலகையை நடுவில் வெட்டத் தொடங்கினால், பலகை தன் எடையாலும் ரம்பத்தின் எடையாலும் கீழ்நோக்கி வளைகிறது; வளைந்ததும் வெட்டுத்தடத்தின் மேல்பக்கம் நெருங்கி, பிளேடைக் கவ்விக்கொள்கிறது. மோட்டாரின் விசை பிளேடைச் சுழற்ற முடியாமல் போகும்போது, அந்த விசை ரம்பத்தையே மேலே தூக்கிப் பயன்படுத்துபவரை நோக்கித் தள்ளுகிறது. கிக்பேக் என்று தச்சர்கள் சொல்லும் பின்னுதைப்பு இதுதான். பிளேடு வெட்டுக்கோட்டிலிருந்து திருகிக்கொள்வது, மழுங்கிய பற்கள், ஈர மரம், பழைய மரத்தில் மறைந்திருக்கும் ஆணி ஆகியவையும் இதே விளைவைத் தரும்.

இடமும் தாங்கலும்

பலகைக்குத் தாங்கல் அமைப்பதில் ஒரே விதிதான் உண்டு: வெட்டு முன்னேறும்போது இடைவெளி திறக்க வேண்டும், அல்லது அப்படியே நிற்க வேண்டும்; ஒருபோதும் மூடக் கூடாது. சிறு துண்டை நறுக்கி எடுக்கும்போது, மீதிப் பலகை முழுவதையும் மேசை தாங்க, நறுக்கப்படும் முனை மட்டும் மேசைக்கு வெளியே நீண்டிருந்தால், அது கீழே சாயும்போது தடம் திறக்கும். நறுக்கப்படும் பகுதி நீளமாகவோ கனமாகவோ இருந்தால் இந்த முறை போதாது; வெட்டு முடியும் தறுவாயில் அது தன் எடையால் முறிந்து, மரநாரைப் பிய்த்துக்கொண்டு விழும், விழும்போது ரம்பத்தையும் இழுக்கும்.

பெரிய பிளைவுட் தகட்டை வெட்டுவதற்கு மிகப் பாதுகாப்பான இடம் தரைதான். ஒரே உயரமுள்ள நான்கு நீளக் கட்டைகளைத் தரையில் இணையாகப் பரப்பி, வெட்டுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வருமாறு தகட்டை வைத்தால், வெட்டி முடித்த பிறகும் இரண்டு பாதிகளும் இருந்த இடத்திலேயே கிடக்கும். கோட்டுக்கு அருகிலுள்ள இரு கட்டைகளும் கோட்டிலிருந்து சில விரற்கடை தள்ளி இருந்தால் பிளேடு அவற்றைத் தொடாது. முழங்காலிட்டு வேலை செய்வது சற்றுச் சிரமம் என்றாலும், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் தகட்டைப் பாலம்போல் வைத்து வெட்டுவதைவிட இது பல மடங்கு மேல்.

மரத்தைக் கையாலோ முழங்காலாலோ காலாலோ அழுத்திப் பிடித்து வெட்டும் பழக்கம் அனுபவம் மிக்கவர்களிடமும் காணப்படுகிறது. அதைப் பின்பற்ற வேண்டாம். மரத்தை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளாம்புகளுக்கு ஆகும் செலவு ரம்பத்தின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். அவை இரண்டு கைகளையும் ரம்பத்தின்மேல் வைக்க விடுகின்றன. இரண்டு கைகளும் கைப்பிடிகளில் இருக்கும்போது, எந்தக் கையும் பிளேடின் பாதையில் இருக்க முடியாது.

வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும்; பின்னாலிருந்து வந்தால் வெட்டுக்கோட்டின்மேல் உங்கள் நிழலே விழும். காலடியில் துண்டுகளும் வழுக்கும் மரத்தூளும் சேராமல் அவ்வப்போது ஒதுக்குங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ளே வர முடியாதபடி கதவைச் சாத்திவிடுவது நல்லது. ரம்பத்தின் ஓசையில் பின்னால் யார் வந்து நின்றாலும் கேட்காது.

உடலில் அணிய வேண்டியவை

கண்ணாடியும் முகமூடியும் பெரும்பாலான வழிகாட்டிகளில் முதல் பக்கத்தில் வருகின்றன. அவை தேவையானவையே, ஆனால் அவை காயத்தின் அளவைக் குறைக்கின்றனவே தவிர, மரம் நகர்வதைத் தடுப்பதில்லை. அதனால்தான் தாங்கலை முன்னே வைத்தேன்.

பக்கங்களும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை எல்லா ரம்பங்களுக்கும் அணியுங்கள். பார்வைக் குறைக்காக அணியும் சாதாரண மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. காதுகளைப் பொறுத்தவரை, மின்ரம்பத்தின் ஓசை 100 டெசிபலை எளிதில் எட்டும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடுவதால், 100 டெசிபலுக்கு 15 நிமிடங்களே எஞ்சுகின்றன. விடுமுறை நாள் ஒன்றில் செய்யும் அலமாரி வேலை அந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

மரத்தூளைச் சிலர் இயற்கையான பொருள்தானே என்று பொருட்படுத்துவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் தூள் இன்னும் நுண்ணியது. அதன் பசையில் ஃபார்மால்டிஹைடும் இருக்கும். துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது போதாது. என்95 வகை முகமூடியை அணிந்து, முடிந்தால் திறந்த வெளியில் வெட்டுங்கள்.

தளர்ந்த சட்டைக் கை, தொங்கும் துணி, கழுத்துச் சங்கிலி, மோதிரம், கட்டாத நீண்ட கூந்தல் ஆகியவை சுழலும் பிளேடுக்கு அருகில் வரக் கூடாது. கையுறை பற்றிக் கேட்பவர்களுக்கு: பலகைகளைச் சுமக்கும்போது அணியலாம், பிளேடு சுழலும்போது கழற்றிவிடுங்கள். தளர்ந்த கையுறையின் நுனியைப் பற்கள் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

மின்சாரம், பேட்டரி

நீட்டிப்பு ஒயரைப் பயன்படுத்தினால் அது மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் தடிமனுடையதாக இருக்க வேண்டும். மெல்லிய நீண்ட ஒயரில் மின்னழுத்தம் குறையும். மோட்டார் திணறிச் சூடாகும். சுருளில் சுற்றியிருக்கும் ஒயரை முழுவதும் அவிழ்த்த பிறகே இயக்குங்கள், ஏனெனில் சுருளுக்குள் வெப்பம் சேர்ந்து உறை உருகக்கூடும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பையே பயன்படுத்துங்கள். ரம்பம் தன் ஒயரைத் தானே வெட்டிவிடுவது அபூர்வமான விபத்தன்று. வெட்டும்போது ஒயர் பிளேடின் பின்னால், பலகையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளாதபடி இருக்க வேண்டும். பாதி வெட்டில் ஒயர் மாட்டி ரம்பத்தைப் பின்னுக்கு இழுத்தால் பிளேடு திருகிக்கொள்ளும்.

பிளேடைத் தொடும் எந்த வேலைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி ரம்பமானால் பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. ஒயர் இல்லாத ரம்பம் பொம்மைபோல் இலகுவாகத் தோன்றுவதால், அதன் பிளேடை மாற்றும்போது பேட்டரியை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பிளேடைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துதல்

பிளேடின் விட்டமும் நடுத்துளையின் அளவும் ரம்பத்துக்குப் பொருந்த வேண்டும். பிளேடில் பொறித்திருக்கும் அதிகபட்சச் சுழற்சி வேகம் ரம்பத்தின் வேகத்தைவிடக் குறையக் கூடாது. இழையோட்டத்தின் திசையில் நீளவாட்டில் கிழிக்க 24 பற்கள் உள்ள பிளேடும், குறுக்குவெட்டுக்கும் பிளைவுட்டுக்கும் 40 முதல் 60 பற்கள் உள்ள பிளேடும் ஏற்றவை. அதிகப் பற்கள் உள்ள பிளேடால் தடித்த மரத்தை நீளவாட்டில் கிழிக்க முயன்றால் தூள் வெளியேற இடமின்றிச் சூடாகி, மரம் கருகும், பிளேடும் வளையும்.

பிளேடில் உள்ள அம்புக்குறியும் ரம்பத்தின் உறையில் உள்ள அம்புக்குறியும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். நடுவிலுள்ள போல்ட் எந்தப் பக்கம் திருகினால் தளரும் என்று குழம்புவோருக்கு எளிய வழி உண்டு: பிளேடு வெட்டும்போது சுழலும் திசையிலேயே திருகினால் தளரும், எதிர்த் திசையில் திருகினால் இறுகும். பொருத்தியதும் ஸ்பேனரைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டு, பிளேடைக் கையால் ஒரு முறை சுற்றிப் பார்த்த பின்னரே மின்சாரத்தை இணையுங்கள்.

மழுங்கிய பிளேடு கூரான பிளேடைவிட ஆபத்தானது, ஏனெனில் அதை முன்னே நகர்த்த உடலின் எடையைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. திடீரென்று தடை விலகும்போது அந்த எடை எங்கே போய் விழும் என்பது யாருக்கும் தெரியாது. வெட்டும்போது கருகிய வாடை வந்தால் நிறுத்திப் பாருங்கள். பல நேரங்களில் பற்களில் படிந்த மரப்பிசின்தான் காரணமாக இருக்கும். அதைக் கழுவித் துடைத்தாலே பிளேடு மீண்டும் நன்றாக வெட்டும்.

சர்க்குலர் ரம்பத்தால் ஒரு வெட்டு, தொடக்கம் முதல் முடிவுவரை

முதலில் பிளேடின் அடிப்பகுதியை மூடும் கீழ் உறையைச் சோதியுங்கள். மின்சாரம் இணைக்காமல் உறையை நெம்புகோலால் பின்னுக்கு இழுத்து விட்டால், அது தயங்காமல் சட்டென்று திரும்பி வந்து பிளேடை மூட வேண்டும். மெதுவாக வந்தாலோ பாதியில் நின்றாலோ உள்ளே தூளும் பிசினும் சேர்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் பழுதாகியிருக்கிறது. சரிசெய்யும்வரை அந்த ரம்பத்தைப் பயன்படுத்தக் கூடாது. வேலைக்கு இடைஞ்சல் என்று உறையை ஆப்பு வைத்தோ கம்பியால் கட்டியோ திறந்தே வைத்திருப்பதைப்போல் அறிவீனமான செயல் இந்தக் கருவியில் வேறில்லை. அப்படிக் கட்டிய ரம்பத்தை வெட்டு முடிந்து கீழே இறக்கும்போது, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் பிளேடு தொடையில் இறங்கலாம்.

அடுத்து ஆழத்தை அமையுங்கள். பிளேடு மரத்தின் அடிப்பக்கத்துக்குக் கீழே ஏறத்தாழ ஒரு பல்லின் உயரம், அதாவது 3 முதல் 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். முழு ஆழத்திலேயே வைத்து எதையும் வெட்டுவது சோம்பேறித்தனம்; அப்போது அதிகப் பரப்பு மரத்துக்குள் சிக்குகிறது, உதைப்பும் வலுவாகிறது, அடியில் வெளிப்படும் பிளேடும் நீளமாகிறது.

கோட்டை வரைந்த பின், நேரான பட்டை ஒன்றைக் கிளாம்பால் பொருத்தி, ரம்பத்தின் அடித்தகடு அதை ஒட்டி நகருமாறு செய்யுங்கள். வெறுங்கண்ணால் நேர்க்கோட்டைத் தொடர முயன்று, விலகிய ரம்பத்தை நடுவில் திருப்பிக் கொண்டுவருவதுதான் பிளேடு திருகுவதற்கு வழக்கமான காரணம். அடித்தகட்டின் அகலமான பக்கம் தாங்கல் உள்ள, நீங்கள் வைத்துக்கொள்ளப்போகும் பலகையின்மேல் இருக்க வேண்டும். விழப்போகும் துண்டின்மேல் ரம்பத்தை உட்கார வைத்தால் இரண்டும் சேர்ந்தே விழும். பற்கள் மேல்நோக்கி வெளியேறுவதால் சிராய் கிளம்புவது மேல்பக்கத்தில்தான். ஆகவே பலகையின் அழகான முகத்தைக் கீழே வையுங்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். பிளேடு செல்லும் கோட்டை நீட்டிப் பார்த்தால் அது உங்கள் உடலை வெட்டக் கூடாது. அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கமாக, கால்களை அகட்டி நில்லுங்கள். பற்கள் மரத்தைத் தொடாத நிலையில் சுவிட்சை அழுத்தி, மோட்டார் முழு வேகத்தை எட்டிய பிறகே முன்னே நகர்த்துங்கள். தள்ளும் வேகத்தை மோட்டாரின் ஓசை சொல்லித் தரும்: சுருதி இறங்கினால் வேகத்தைக் குறையுங்கள். வெட்டின் கடைசி ஓரிரு அங்குலங்களில் அவசரம் கூடாது, துண்டைப் பிடிக்கக் கையை நீட்டவும் கூடாது. வெட்டி முடித்ததும் சுவிட்சை விட்டு, உறை மூடி, பிளேடு முழுவதும் நின்ற பிறகே ரம்பத்தைக் கீழே வையுங்கள். சுவிட்சை விட்டதும் பிளேடை நிறுத்தும் மின்பிரேக் இல்லாத ரம்பங்களில் பிளேடு நிற்கப் பல நொடிகள் ஆகும்.

நடுவில் பிளேடு இறுகினால் உடனே சுவிட்சை விடுங்கள். ரம்பத்தை மேலே தூக்காமலும் சுழலும் பிளேடோடு பின்னுக்கு இழுக்காமலும், பிளேடு நிற்கும்வரை அங்கேயே உறுதியாகப் பிடித்திருங்கள். பிறகு பிளக்கை எடுத்துவிட்டு, ஏன் இறுகியது என்று தேடுங்கள். தாங்கல் சரிந்திருந்தால் அதைச் சரிசெய்து, வெட்டிய தடத்தில் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகினால் இடைவெளி மூடாது. மீண்டும் தொடங்கும்போது பிளேடைத் தடத்தின் நடுவில், பற்கள் மரத்தில் படாதபடி வைத்து இயக்க வேண்டும்.

ஜிக்சா

நான்கில் சாந்தமானது இதுதான். அதனாலேயே இதில் கவனக்குறைவும் அதிகம். பிளேடின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மரத்துக்கு அடியில் ஏறி இறங்குகிறது, பலகையைத் தாங்க அடியில் கொடுத்த விரல்கள் அங்கேதான் இருக்கின்றன. பலகையை மேசையோடு கிளாம்ப் செய்து, அடியில் மேசைக்கால், ஒயர் ஏதும் இல்லை என்று பாருங்கள். பிளேடு மேலே ஏறிய நிலையிலும் மரத்தைக் கடந்து கீழே நீண்டிருக்குமளவு நீளமானதாக இருக்க வேண்டும். இல்லையெனில் நுனி மரத்தின் அடியில் குத்தி, கருவி துள்ளும், பிளேடு முறியும். வளைவை மெதுவாகத் திருப்புங்கள், பக்கவாட்டில் நெருக்காதீர்கள்.

மைட்டர் ரம்பம்

குறுக்குவெட்டுக்கென்றே அமைந்த இந்த ரம்பத்தில் மரம் அடித்தளத்திலும் பின்பக்கத் தடுப்பிலும் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்க வேண்டும். வளைந்த மரமானால் புடைத்த பக்கத்தைத் தடுப்போடு சேர்த்து வையுங்கள். குழிந்த பக்கத்தைச் சேர்த்தால் வெட்டும்போது இடைவெளி மூடிப் பிளேடைக் கவ்வும். பிளேடிலிருந்து இருபுறமும் 15 செ.மீ. தூரத்துக்குள் கை வரக் கூடாது. அந்தத் தூரத்தைக் கடைப்பிடிக்க முடியாத அளவுக்குத் துண்டு சிறியதானால் கிளாம்பால் பிடியுங்கள், அல்லது நீளமான பலகையிலிருந்தே அந்தத் துண்டை வெட்டி எடுங்கள். கைகளைக் குறுக்காகப் போட்டு ஒரு கையால் பிடித்து மறு கையால் ரம்பத்தை இறக்குவது எந்தச் சூழலிலும் கூடாது. வெட்டிய பின் பிளேடு கீழே இருக்கும்போதே சுவிட்சை விட்டு, அது நின்ற பிறகு மேலே தூக்கினால், சிறு துண்டுகள் தெறித்துப் பறப்பது நின்றுவிடும்.

டேபிள் ரம்பம்

இங்கே ரம்பம் அசையாது, மரம் நகர்கிறது. கையும் அதோடு பிளேடை நோக்கி நகர்கிறது. அமெரிக்காவில் மட்டும் டேபிள் ரம்பப் பிளேடு பட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 பேர் அவசரச் சிகிச்சைக்கு வருவதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கு இது உண்மையிலேயே தேவையா என்று இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். வழிகாட்டிப் பட்டை பொருத்திய சர்க்குலர் ரம்பம் பெரும்பாலான வேலைகளை முடித்துவிடும்.

வாங்கியே ஆக வேண்டுமானால், பிளேடுக்குப் பின்னால் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ரம்பத்தில் பின்பக்கப் பற்கள் மேலெழும்புகின்றன. பிளந்த மரம் அவற்றின்மேல் சாய்ந்தால் மேலே தூக்கப்பட்டு, உங்கள் வயிற்றை நோக்கி எறியப்படும். வெட்டுத்தடத்தைத் திறந்தே வைத்து அதைத் தடுப்பது அந்தத் தகடுதான். மரம் ஒட்டி நகரும் பக்கத் தடுப்பு பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். தடுப்பையோ குறுக்குவெட்டு வழிகாட்டியையோ பயன்படுத்தாமல் வெறுங்கையால் மரத்தைச் செலுத்தாதீர்கள். அவை இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்துவதும் தவறு, துண்டு அவற்றுக்கிடையே சிக்கி உதைக்கும். கை பிளேடை நெருங்கும் முன்னரே தள்ளுகட்டையை எடுங்கள். பின்பக்கம் கிடக்கும் துண்டை எடுக்கச் சுழலும் பிளேடுக்கு மேல் கையை நீட்டாதீர்கள். தோல் பட்ட சில மில்லிநொடிகளில் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அவை விலை உயர்ந்தவை. ஒரு முறை செயல்பட்டால் பிளேடையும் அதை நிறுத்திய பிரேக் பெட்டியையும் மாற்ற வேண்டும். ஆனால் ஒரு விரலோடு ஒப்பிட்டால் அது செலவே அல்ல.

கிரைண்டரில் மரப் பிளேடு வேண்டாம்

உலோகத்தையும் கல்லையும் வெட்டித் தேய்க்கும் கைக்கருவியான ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மரப் பிளேடைப் பொருத்தி வெட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தக் கருவி நிமிடத்துக்கு 11,000 சுற்றுகள் அளவில் சுழல்வது. அதில் தானே மூடிக்கொள்ளும் உறையோ, மரத்தின்மேல் படியும் அடித்தகடோ, சுவிட்சை விட்டதும் நிற்கும் வசதியோ பெரும்பாலும் இல்லை. பற்கள் மரத்தில் சிக்கிய கணத்தில் அதைக் கையால் அடக்க முடியாது. அந்தப் பிளேடு கடையில் கிடைக்கிறது என்பது அதைப் பயன்படுத்தக் காரணமாகாது.

காயம் பட்டால்

முதலுதவிப் பெட்டியும் தொலைபேசியும் வேலை செய்யும் இடத்திலேயே, ஒரு கையால் எட்டக்கூடிய உயரத்தில் இருக்கட்டும். வீட்டில் வேறொருவர் இருக்கும் நேரத்தில் வேலை செய்யுங்கள். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் காயத்தின்மேல் நேரடியாக, விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் பீறிடும் இரத்தத்துக்குக் காயத்துக்கு மேலே இறுக்கக் கட்டு போட்டு, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். துண்டைப் பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைத்தால் திசு உறைந்து பாழாகும்; வெறும் நீரில் ஊறப் போடுவதும் கூடாது. துண்டான விரலை மீண்டும் ஒட்டும் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது என்பதை ரம்பம் வாங்கிய அன்றே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை முதலுதவிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.